ஒரே வீட்டில் இரண்டு அட்மின்

நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சலை அவள் மூன்று முறை படித்தாள். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை புரிந்தது, நம்ப முடியவில்லை. மூன்றாம் முறை படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

'தாங்கள் அனுப்பிய துணி துவைக்கும் இயந்திரக் கையேட்டின் மொழிபெயர்ப்பு கிடைத்தது, நன்றி. பதினேழாம் பக்கத்தில் மட்டும் ஒரு சிறு ஐயம். "வடிகட்டியைக் கழற்றிக் குழாய் நீரில் சுத்தம் செய்தபின் இரண்டாவது கியரில் மெதுவாக மலை ஏறணும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கணும். எதிரே வருகிறவன் நிறுத்துவான் என்று நம்பினால் நாம் போய்ச் சேர மாட்டோம்" என்று உள்ளது. மூலத்தில் இப்படி ஒரு எச்சரிக்கை இல்லை. அருள்கூர்ந்து விளக்கவும்.'

விளக்குவதற்கு என்ன இருக்கிறது? மலைப்பாதையில் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவளுடைய அப்பா. ஒரு மாதமாகத் தன் அனுபவங்களைக் கணினியில் எழுதிக்கொண்டிருந்தார். தன் பக்கம் எது, மகளுடைய பக்கம் எது என்று பார்க்கிற வழக்கமெல்லாம் அவருக்கு இல்லை. திரையில் எது திறந்திருக்கிறதோ அதில் ஏறி உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுவார். எழுதி முடித்ததும் மறக்காமல் சேமித்தும் வைப்பார். அந்த ஒரு பாடத்தை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தார்.

"அப்பா, என் ஃபைல்ல எழுதுனீங்களா?"

பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "உன் ஃபைலா? வடிகட்டி, குழாய்னு என்னமோ போட்டிருந்துச்சு. ரேடியேட்டரைப் பத்தி நான்தான் முன்னாடி எழுதி வச்சிருக்கேன்போலன்னு நினைச்சேன் பாப்பா."

அந்த வீட்டில் கணினி ஒன்று, அதைக் கையாள்கிறவர்கள் நான்கு பேர். கூடத்தில், சாப்பாட்டு மேஜைக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில் அது இருந்தது. அவளுக்கு அதுதான் அலுவலகம். இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்ப்பது அவள் தொழில். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற அவள் கணவன் மாலையில் வந்து ஆட்டத்தின் ஸ்கோர் பார்ப்பான். நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் அதில் சதுரங்கம் ஆடுவார், பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவார். அப்பா இருந்த குடியிருப்பில் தண்ணீர்க் குழாய்களையெல்லாம் மாற்றுகிறார்கள் என்பதால் இரண்டு வாரம் தங்கிப் போக அவர் வந்தார். வந்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டு பெரியவர்களும் மனைவியை இழந்தவர்கள். ஒருவரையொருவர் "சம்பந்தி" என்று மிக மரியாதையாக அழைத்துக்கொள்வார்கள். அந்த மரியாதைதான் வீட்டில் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். அண்ணன் தம்பியாக இருந்தால் ஒரு நாள் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுநாள் சரியாகிவிடுவார்கள். சம்பந்திகளாயிற்றே, எல்லாவற்றையும் உள்ளேயே வைத்து ஊறப்போட வேண்டியிருந்தது.

அன்றைக்கே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நிறுவனத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பதினேழாம் பக்கத்திலிருந்து மலையை இறக்கி அனுப்பினாள். பிறகு கணினியில் நான்கு தனித்தனிக் கணக்குகளைத் திறந்தாள். அவளுடையது நிர்வாகிக் கணக்கு. மற்ற மூன்றும் சாதாரணப் பயனர் கணக்குகள்.

சாப்பாட்டு மேஜையில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினாள். "இனிமே அவங்கவங்க பேர்ல நுழையணும். அவங்கவங்க பாஸ்வேர்டு. ஒருத்தர் ஃபைல் இன்னொருத்தருக்குத் தெரியாது. புதுசா ஏதாவது உள்ள போடணும்னா, எதையாவது மாத்தணும்னா, அட்மின் அனுமதி வேணும். அடுத்தவங்க அக்கவுண்ட்ல அனுமதி இல்லாம நுழையறது தப்பு."

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் போய்ப் படித்தார். "சாதாரணப் பயனர்." அந்தச் சொல்லை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்தார். கசந்திருக்க வேண்டும். "சம்பந்தி என்ன வகைம்மா?"

"அவரும் அதேதான் மாமா."

"அப்ப சரி."

அப்பாவும் அதையேதான் வேறு விதமாகக் கேட்டார். கணக்குக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது "டிரைவர்" என்று வைக்கச் சொன்னார். படத்துக்குத் தன்னுடைய பழைய பஸ்ஸின் படம். பிறகு மகளின் காதருகே குனிந்து, "அவரு படம் என்னோடதைவிடப் பெருசா தெரியுதே?" என்றார். இரண்டும் ஒரே அளவு என்று அவள் ஸ்கேல் வைத்துக் காட்டினாள்.

இரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் விசைப்பலகைக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. மாமனாரின் கையெழுத்து, மணிமணியாக.

'பெறுநர்: நிர்வாகி அவர்கள், கூடத்துக் கணினி. பொருள்: சதுரங்க விளையாட்டின் புதிய பதிப்பை நிறுவ அனுமதி கோருதல் தொடர்பாக. ஐயா/அம்மா, மேற்படி விளையாட்டின் பழைய பதிப்பில் மந்திரி அவ்வப்போது காணாமல் போவதால்...'

அவள் சிரித்துக்கொண்டே கீழே 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "தேதி போடலையேம்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

அப்பாவுக்கு மனு எழுதுகிற பொறுமையெல்லாம் கிடையாது. அனுமதி கேட்டுப் பெட்டி எழும்பியதும் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். "பாப்பா! சிக்னல் விழுந்துடுச்சு!" அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து கடவுச்சொல்லைத் தட்டிவிட்டுப் போவாள். ஐந்து நிமிஷம் ஆகாது. "பாப்பா! மறுபடியும் சிவப்பு!" வழியில் பளபளவென்று எது தெரிந்தாலும் அதை அழுத்திப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. கடிகாரத்தை மாற்றப் பார்ப்பார், எழுத்துருவைச் சேர்க்கப் பார்ப்பார், இல்லாத பிரிண்டரை இணைக்கப் பார்ப்பார். ஒரு நாள் காலையில் மட்டும் பதினோரு சிக்னல். முன்பு ஒரு பக்கம்தான் கெட்டது. இப்போது பொழுதே கெட்டது. வேலை நடக்கட்டும் என்று போட்ட வேலி, காவல் காக்கவே ஓர் ஆளைக் கேட்டது.

இந்த நிலையில்தான் அவளுக்கு வெளியூரில் மூன்று நாள் பயிற்சி வந்தது. நிறுவனம் புதிதாக ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவருகிறது, அடுத்த கையேட்டிலிருந்து அதில்தான் செய்ய வேண்டும், வருகிற திங்கட்கிழமை அதன் முதல் தவணையை அனுப்ப வேண்டும்.

"நான் இல்லாதப்ப நீங்க அட்மினா இருங்களேன்" என்றாள் கணவனிடம்.

அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. "எனக்கு எதுக்கு இந்த வம்பு? எங்கப்பாவுக்கு அனுமதி குடுத்தா உங்கப்பா மூஞ்சி தொங்கும். உங்கப்பாவுக்குக் குடுத்தா எங்கப்பா மனு போடுவார். நான் காலையில ஒன்பதுக்குக் கடைக்குப் போறவன். என்னை விட்டுடு."

மாமனார் சட்டம் தெரிந்தவர், விதியை மீறாதவர். எனவே அவருக்கே நிர்வாகி உரிமையைக் கொடுத்தாள். புறப்படுகிற அன்று காலை அப்பா தோசையில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. நியாயம்தான். நான் வந்தவன்தானே."

வந்தவன்தானே! திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கீழே டாக்ஸி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் பெட்டியோடு நின்றபடியே கணினியைத் திறந்து அப்பாவையும் நிர்வாகியாக்கினாள். "ரெண்டு பேரும் சமம். சண்டை போடாம இருங்க." ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். டாக்ஸிக்காரர் அவசரப்படுத்தினார். தன் கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதிக் கணவனின் சட்டைப் பையில் செருகிவிட்டு இறங்கினாள்.

முதல் நாள் மாலை கணவன் போனில் சொன்னான். "எல்லாம் நல்லாத்தான் போகுது. எங்கப்பா ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கார்."

"என்ன நோட்டீஸ்?"

"கணினி நேரப் பங்கீடு. பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும் அவருக்கு. ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் உங்கப்பாவுக்கு."

"அது சாப்பிட்டுத் தூங்கற நேரமாச்சே!"

"அதைத்தான் உங்கப்பாவும் சொன்னார். 'மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்'னு எங்கப்பா அடியில எழுதிட்டார்."

இரண்டாம் நாள் அவன் குரல் தாழ்ந்திருந்தது. குளியலறைக்குள் நின்று பேசுகிறான் என்பது எதிரொலியில் தெரிந்தது. "உங்கப்பா எங்கப்பாவைப் பதவியிறக்கம் பண்ணிட்டார்."

நடந்தது இதுதான். நேரப் பங்கீட்டை அப்பா மதிக்கவில்லை. ஆகவே மாமனார் கணினி மூலமாகவே அதை நடைமுறைப்படுத்தப் பார்த்தார். தேடித் தேடி ஒரு வசதியைக் கண்டுபிடித்தார். ஒருவர் எத்தனை மணி நேரம் கணினியைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தலாம். ஆனால் அது குழந்தைகளுக்கு மட்டுமே செல்லும். மாமனார் யோசித்தார். சம்பந்தியைக் குழந்தையாகப் பதிவு செய்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. படிவத்தில் பஸ் படத்தைச் சேர்த்தார், வயது ஒன்பது என்று நிரப்பினார். 'சரி' என்கிற பொத்தானை அழுத்தும் நேரத்தில் மனசாட்சி உறுத்தியது. இது முறையா, மேல்முறையீட்டில் நிற்குமா என்று நிதானமாக யோசிக்கலாமென்று அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனார். எதையும் ஒத்திப்போட்டே பழகியவர். அப்பா கணினிப் பக்கம் வந்தார். தன் பஸ்ஸைப் பார்த்தார். பக்கத்திலிருந்த வயதைப் பார்த்தார்.

அவர் கத்தவில்லை. தன் கணக்கில் நுழைந்து, சம்பந்தியைச் சாதாரணப் பயனராக இறக்கினார். மாப்பிள்ளை கையில் மகளின் கடவுச்சொல் இருப்பது ஞாபகம் வந்தது. பெற்ற அப்பா கேட்டால் மாப்பிள்ளை கொடுத்துவிட மாட்டாரா? முன்னெச்சரிக்கையாக மகளையும் இறக்கினார். பிறகு தன் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு எழுந்துபோய் மோர் குடித்தார்.

பயிற்சி முடிந்து நான்காம் நாள் மத்தியானம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு பெரியவர்களும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே செய்தித்தாளின் வேறு வேறு பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். வீடு இவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. பெட்டியைக் கூடத் திறக்காமல் புதிய மென்பொருளை நிறுவ உட்கார்ந்தாள்.

திரையில் பெட்டி எழுந்தது. 'இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுக்கவும்: டிரைவர்.'

தன் சொந்தக் கணினி தன்னையே யார் நீ என்று கேட்டதும் அவளுக்குக் காது மடல் சுட்டது. "அப்பா, பாஸ்வேர்டு என்ன?"

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு சம்பந்தியைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். "மறந்துபோச்சு பாப்பா."

"மறந்துபோச்சா? முந்தாநேத்துதானே மாத்தினீங்க!"

"கோபத்துல போட்டது. கோபம் போனதும் அதுவும் போயிடுச்சு."

அப்பாவின் கணக்கில் ஒரு முறை தவறாகத் தட்டிப் பார்த்தாள். குறிப்பு என்று ஒரு வரி வந்தது. மறந்தால் ஞாபகப்படுத்த வைத்துக்கொள்வது அது. 'உனக்கே தெரியும்' என்று எழுதியிருந்தார்.

"திங்கக்கிழமை அனுப்பணும்பா" என்றாள். கணவனுக்குப் போன் செய்தாள். கடையில் கூட்டமாக இருக்கிறது என்றான். எப்போதும் இல்லாத கூட்டம்.

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். உள்ளே போய்ப் பேனாவும் நோட்டும் எடுத்து வந்து, நாற்காலியைச் சம்பந்திக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். "பதறாதேம்மா. முறையா விசாரிச்சா வராத ஞாபகம் கிடையாது. சம்பந்தி, அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"உப்புமா."

"உப்புமான்னு வச்சிருப்பீங்களோ?"

"உப்புமாவை யாராவது பாஸ்வேர்டா வைப்பாங்களா சம்பந்தி?"

பஸ்ஸின் நம்பரைத் தட்டிப் பார்த்தார்கள். இல்லை. அம்மாவின் பெயர். இல்லை. "பாப்பா பொறந்த தேதியைப் போடு" என்று சொல்லி ஒரு தேதியைச் சொன்னார் அப்பா.

"அது அண்ணன் பொறந்த தேதிப்பா."

"அப்படியா? உன்னோடது?"

அதை அவள் சொல்லவில்லை. இன்னும் இரண்டு தவறுக்குப் பிறகு கணினி கதவைச் சாத்திக்கொண்டது. பத்து நிமிஷம் கழித்து வரச் சொன்னது. மாமனார் தேநீர் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். விசாரணை தொடர்ந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தச் சொல் ஒரு பொருளா, ஊரா, ஆளா?"

அப்பா தேநீரை ஊதிக்கொண்டே இருந்தார். "ஆளு... போல ஞாபகம்."

"ஆணா, பெண்ணா?"

"ஆம்பளதான்."

"நமக்குத் தெரிஞ்ச ஆளா?"

அப்பாவுக்குப் புரை ஏறியது. அவள் ஓடிப்போய்த் தலையில் தட்டினாள். மாமனார் பொறுமையாகக் காத்திருந்து, இருமல் அடங்கியதும் கேட்டார்: "வயசானவரா?"

"எனக்கு மயக்கம் வர்ற மாதிரி இருக்கு" என்றார் அப்பா.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இந்த மனிதர் தன் வாழ்க்கையில் ஓட்டிய ஆறு பஸ்களின் நம்பரையும் தலைகீழாகச் சொல்வார். எந்தக் கண்டக்டருக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆனது என்று சொல்வார். (மகள் பிறந்த தேதி வேறு விஷயம்.) முந்தாநாள் போட்ட சொல்லை மறந்துவிட்டாராம்! நெற்றியில் வியர்வை வேறு.

"அப்பா, பால்கனிக்கு வாங்க. துணி எடுக்கணும்."

துணிக்கொடிக்கு அடியில், ஒரு போர்வையின் மறைவில் வைத்து அவரை மடக்கினாள். "உண்மையைச் சொல்லுங்க."

அப்பா போர்வையின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மறக்கலை."

"பிறகு?"

"அவரு முன்னாடி சொல்ற மாதிரி இல்ல பாப்பா."

"என்ன வச்சீங்க?"

அவர் பக்கத்து வீட்டுப் பால்கனியில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு மகளின் காதில் சொன்னார். "வாய்தாக் கிழவன். கடைசியில ஒரு ஒண்ணு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தால் கோபம் போய்விடும். கோபம் அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. "ஏம்பா! வாயால சொல்ல வேணாம், நீங்களே போய்த் தட்டிட்டு வந்திருக்கலாமே? அங்க புள்ளி புள்ளியாத்தானே விழும்!"

"எழுத்து எழுத்தா வாய்விட்டுச் சொன்னாத்தான் எனக்கு விரல் ஓடும். அவரு காலையிலேர்ந்து அந்த இடத்தை விட்டு நகரவே இல்ல; தேநீர் போடப் போனப்ப மிஷின் பூட்டிக்கிச்சு. நான் என்ன பண்ண?" தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "மூணு நாளா சோறு இறங்கல பாப்பா. அவரு எனக்குத் தேநீர் போட்டுக் குடுக்கறாரு."

துணிக்கூடையை அப்பா கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். மாமனார் மறுபடி செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்திருந்தார். பத்து நிமிஷம் முடிந்திருந்தது. மெல்ல உட்கார்ந்து, மெல்லத் தட்டினாள். vaaythakizhavan1. திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். திறக்கவில்லை.

"முதல் எழுத்து பெரிசும்மா" என்றது செய்தித்தாள்.

அவள் கை அப்படியே நின்றது.

"என்ன மாமா?"

"பெரிய வி. அன்னைக்கு அவரு அடிக்கும்போது அப்படித்தான் சொன்னார்." செய்தித்தாள் இறங்கியது. மாமனாரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நான் குளிச்சிட்டு வந்து உள்ளறையில தலை துவட்டிக்கிட்டிருந்தேன். இவரு இங்க ஒவ்வொரு எழுத்தா, ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நிறுத்திச் சொல்றாரு. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"அப்ப உங்களுக்கு மூணு நாளா தெரியுமா?"

"தெரியும்."

"இப்ப ஒரு மணி நேரமா உப்புமாவான்னு கேட்டீங்களே!"

"அடுத்தவர் அக்கவுண்ட்ல அனுமதி இல்லாம நுழையறது தப்புன்னு நீதானேம்மா சொன்னே." செய்தித்தாளை மடித்தார். "அதோட, அவரு வாயாலயே வருதான்னு பார்த்தேன். சாட்சி நல்ல சாட்சி. கடைசி வரைக்கும் உடையல."

கூடையோடு அப்பா பால்கனிக் கதவில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. போதுமான அளவு கேட்டிருந்தார் என்பது காதின் சிவப்பில் தெரிந்தது.

மாமனார் அவர் பக்கம் திரும்பினார். "வாய்தான்னு சொன்னீங்க, சரி. நான் அந்த டிபார்ட்மெண்ட். ஏத்துக்கறேன். ஆனா கிழவன்னீங்க பாருங்க, அதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. நீங்க என்னைவிட எட்டு மாசம் மூத்தவரு."

"ஏழு மாசம்" என்றார் அப்பா, கூடையைக் கீழே வைக்காமலே. பிறகு அவருக்கும் வேகம் பிடித்தது. "நீங்க மட்டும் என்னவாம்? எனக்கு ஒன்பது வயசுன்னு போட்டீங்களே!"

"நான் 'சரி' அழுத்தவே இல்ல."

"குளிச்சிட்டு வந்து அழுத்தியிருப்பீங்க!"

"யோசனையிலதான் இருந்தேன்."

"ஒன்பதுன்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க? அதைச் சொல்லுங்க. பத்துன்னு போட்டிருக்கலாமே?"

மாமனார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வெளியேறியது. அப்பா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக இருவரும் சம்பந்தி மரியாதை இல்லாமல் சிரித்தார்கள்.

அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ரெண்டு பேருக்கும் சிரிப்பா இருக்கு, இல்ல? இது எனக்குச் சோறு போடற மிஷின். மூணு பேர் ஏறி உக்காந்து ஆட்டம் ஆடற ஊஞ்சல் இல்ல. என்னையே வெளிய நிறுத்திட்டீங்க. திங்கக்கிழமை வரைக்கும் இந்த மேஜைப் பக்கம் யாரும் வரக் கூடாது."

சிரிப்பு நின்றது. அப்பா கூடையோடும் மாமனார் நோட்டோடும் வரிசையாக உள்ளே போனார்கள். பெரிய வியோடு தட்டினாள், திறந்தது. தன் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டு அப்பாவையும் சாதாரணப் பயனராக இறக்கினாள். அப்புறம் இரண்டு நாள் வீட்டில் யாரும் உரக்கத் தும்மக்கூட இல்லை. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத் தவணை போய்ச் சேர்ந்தது. ஒரு வார்த்தை பிசகாமல்.

அந்த வாரமே கணவன் ஒரு காரியம் செய்தான். கூட்டம் என்று போனை வைத்தது அவனுக்கே உறுத்தியிருக்க வேண்டும். கடையில் கழித்துப் போட்டிருந்த பழைய கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, தோளில் சுமந்துகொண்டு வந்தான். அதைக் கூடத்தில் வைத்து, அவளுடைய கணினியைப் படுக்கையறை ஜன்னலோரத்துக்கு மாற்றினார்கள். அதில் இனி ஒரே கணக்கு, அவளுடையது.

"கூடத்து மிஷின் உங்க ரெண்டு பேருக்கும். யார் அட்மின்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு ஒரு முழு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. முடிவை மாமனார்தான் வந்து சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே. நிர்வாகிக் கணக்கு ஒன்றே ஒன்று. அதன் கடவுச்சொல்லில் முன்பாதி சம்பந்திக்கு மட்டும் தெரியும், பின்பாதி அவருக்கு மட்டும் தெரியும். ஒருவர் தட்டும்போது மற்றவர் பால்கனியில் நிற்க வேண்டும், காதைப் பொத்திக்கொண்டு. ஒருவர் இல்லாமல் ஒருவரால் எதையும் மாற்ற முடியாது.

மறுநாள் முதல் காலை பத்து மணிக்கு அந்தச் சடங்கு தொடங்கிவிட்டது. ஒருவர் பால்கனிக்குப் போவார், ஒருவர் வருவார், பிறகு இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி வரை எழுந்திருக்க மாட்டார்கள். சதுரங்கத்தில் யாரோ ஒரு முகம் தெரியாத ஆளை இருவரும் சேர்ந்து தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். "அவனுக்கு வழி விடாதீங்க சம்பந்தி, ஒடிச்சுத் திருப்புங்க!" என்று அப்பா கத்துவது மூடிய கதவைத் தாண்டிக் கேட்கும். "இருங்க, அவசரப்படாதீங்க" என்பார் மாமனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படுக்கையறைக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. கணவன் எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல. கூடத்து மிஷின்ல ஸ்கோர் பார்க்கலாம்னு போனேன். எனக்கு அதுல அக்கவுண்டே இல்லையாம்."

"திறக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். ரெண்டு பேரும் கலந்து பேசிட்டுச் சொல்றாங்களாம். உங்கப்பா, 'கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை, எடுத்தவுடனே எல்லாரையும் ஏத்திட முடியாது'ங்கறார். எங்கப்பா என் கடை முகவரியை எழுதி வாங்கிக்கிட்டார். என் சொந்த அப்பா!"

அவன் தூக்கி வந்த கணினி. அதைச் சொல்லிக் காட்டக்கூட வக்கில்லாமல் வாசலில் நின்ற முகத்தைப் பார்த்ததும், அன்றைக்கு வராத சிரிப்பெல்லாம் அவளுக்குச் சேர்த்து வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டான்.

அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். அவன் ஸ்டூலை இழுத்து அருகில் உட்கார்ந்தான். ஸ்கோர் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பார்த்துவிட்டு அவன் போகவில்லை. அவள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கையேட்டை எட்டிப் பார்த்து, அது என்ன இயந்திரம், எப்படி வேலை செய்யும் என்று கேட்டான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை.

"ரொட்டி வெட்டற மிஷின்" என்று ஆரம்பித்தாள் அவள். கூடத்தில் அப்பா ஏதோ ஒரு யானையைத் தூக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். கணவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.